அமைதியான வீடு தேவை

எங்கள் காப்பகத்துக்குப் பூனை எடுத்துப்போக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்கள். "மடியில வந்து உக்காருமா?" இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. உட்காரும் என்றால் உடனே அடுத்தது, "சோபாவைக் கீறுமா?" மடிக்கு வர வேண்டும், நகம் மட்டும் கூடாது. இவர்கள் பூனைக்காக வருகிறார்களா, தலையணைக்காக வருகிறார்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதுங்கி என்ற குட்டி மடிக்கு வராது. மடி என்ன மடி, கூண்டின் முன்பாதிக்கே வராது. ஒரு பெரிய கட்டடத்தின் ஜெனரேட்டர் அறையிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். தாய் அங்கேதான் குட்டி போட்டிருந்தது. யாரோ ஷட்டரை இறக்கியபோது இதன் பின்னங்கால் அடியில் மாட்டிக்கொண்டது. தாயும் மற்ற குட்டிகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. எங்கள் டாக்டர் காலைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் அது இனி மடங்காது. குச்சியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டுதான் நடக்கும். நடக்கும் என்று நான் சொல்வதுகூட ஒரு நம்பிக்கையில்தான். வைத்த சாப்பாடு மறுநாள் காலையில் காலியாக இருக்கும், நடந்ததற்கு அதுதான் சாட்சி. மற்ற நேரமெல்லாம் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி ரோமம், அதில் இரண்டு கண்கள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

"பாவம், அந்த இரைச்சல்லயே பொறந்து, அங்கேயே அடிபட்டிருக்கு. இனிமே ஒரு சத்தமும் அது காதுல விழக்கூடாது," என்றார் டாக்டர்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நாய்க் குரைப்பு எட்டாத கடைசி அறையில் அதன் கூண்டை வைத்தோம். கதவின் அடியில் பழைய துண்டைத் திணித்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். என் சொந்தப் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கியபோதுகூட நான் இப்படிப் பூப்போல நடந்ததில்லை.

பொறுப்பாளர் அம்மா கெட்டவர் இல்லை. அவரும் என்ன செய்வார், அட்டைப்பெட்டிகளில் குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. வீடு கிடைக்கலன்னா கிடங்குக்கு அனுப்பிடலாம்," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு தானியக் கிடங்கு இருக்கிறது. யாரும் வளர்க்க முடியாத பூனைகளை எலி பிடிப்பதற்காக வாங்கிக்கொள்வார்கள். முரட்டுப் பூனை அங்கே ராஜாவாக இருக்கும். ஆனால் அங்கே நாய்கள் திரிகின்றன, லாரிகள் பின்பக்கமாக வருகின்றன. மூட்டைமேல் தாவ முடியாத குட்டி அங்கே எவ்வளவு நாள் தாங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

'கூச்ச சுபாவமுள்ள குட்டி, ஒரு கால் ஊனம், அமைதியான வீடு தேவை' என்று எழுதிப் போட்டேன். தொலைபேசியில் யார் பேசினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல சத்தம் இருக்குமா?" என்பதாக ஆயிற்று. பாதிப் பேர் அதிலேயே கழன்றுகொண்டார்கள்.

ஒரு பெண்மணி மட்டும் கழன்றுகொள்ளவில்லை. "பொய் சொல்ல வரலம்மா," என்றார். "நானும் அவரும் மட்டும்தான் இருக்கோம். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. ஆக்ஸிஜன் மெஷின் ராப்பகலா ஓடிட்டே இருக்கும்."

"அப்ப சரிப்படாதுக்கா. நல்லா விளையாடற குட்டிங்க வேற இருக்கு, வந்து பாருங்களேன்."

"விளையாடற குட்டி எதுக்கும்மா? அவரால கட்டிலை விட்டே இறங்க முடியல. சும்மா ஒரு ஓரமா கிடக்கற ஜீவன் போதும்ங்கறாரு."

முடியாது என்றேன். சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டு, "அந்தக் கால் ஊனமான குட்டி போயிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, ஆனால் சத்தம்தான், என்று இழுத்தேன். "என்னம்மா செய்யறது, அதை நிறுத்தினா இவர் நின்னுடுவாரே," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் விதி விதிதானே.

விதிப்படியே ஒரு வீடு கிடைத்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள், தரை முழுக்கக் கம்பளம், சுவர்க் கடிகாரத்தில்கூட டிக் டிக் இல்லை. பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு அன்று வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே பெட்டியோடு வந்து நின்றார்கள். "பீரோவுக்குப் பின்னாடி போனது வெளியே வரவே இல்லைங்க. ஆளில்லாத இடத்துக்குச் சாப்பாடு வைக்கற மாதிரி இருக்கு," என்றான் அந்தப் பையன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். பெட்டியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி அறைக்குப் போனேன்.

அங்கே போனால் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய் எங்கோ உடைந்து, கூண்டு இருக்கும் இடத்தில்தான் சொட்ட வேண்டும் என்று தண்ணீருக்கு யார் சொன்னார்களோ. வேறு எந்த அறையிலும் இடமில்லை. துணி துவைக்கும் அறையில் கூண்டை இறக்கினேன். ஆள் வந்து குழாயைச் சரிசெய்யும்வரை சலவை மெஷினைப் போடக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நாய்க்குட்டிகளின் துண்டுகள் மலைபோல் குவிந்து நாறிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்கோடி," என்று கூண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அது எங்கள் காப்பகத்தைவிட வயதான மெஷின். ஓட ஆரம்பித்தால் தரையே உறுமும். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது பதுங்கி கூண்டின் முன்கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூலையில் இல்லை. முன்னால். மடங்காத காலை ஒய்யாரமாக நீட்டிக்கொண்டு, நான் பார்க்கப் பார்க்கக் கிண்ணத்தில் வாயை வைத்துத் தின்றது. மெஷின் நின்றதும் மறுபடி மூலைக்குப் போய்விட்டது. துண்டு ஒன்றும் போடாமல் வெறும் மெஷினைத் திரும்ப ஓடவிட்டேன். திரும்ப வந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். அந்த இரைச்சலில்தானே அது பிறந்தது, அந்த இரைச்சலில்தானே தாயிடம் பால் குடித்தது. காலை நசுக்கியது ஷட்டர். நாங்கள் ஜெனரேட்டர்மேல் பழியைப் போட்டு, இருந்த ஒரே துணையையும் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறோம். இதற்குப் பெயர் பராமரிப்பு.

ஈரக்கையோடு போய் அந்த ஆக்ஸிஜன் மெஷின் வீட்டு அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அக்கா, அந்த மெஷின் இன்னும் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட விதம் உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓடுதும்மா, ஓடுது," என்றார் அவர். "அவர் டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். கட்டில்மேல ஏத்தாதீங்க, முடியைக் கூட்டி எடுத்துடுங்கன்னாரு."

நானே கொண்டுபோனேன். இரண்டே அறைகள், துடைத்துவிட்டாற்போன்ற வீடு. உள்ளறையில் கட்டில், அதன் தலைமாட்டில் மெஷின் இரைந்துகொண்டு, நடுநடுவே பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கட்டிலில் இருந்தவர் பஸ் ஓட்டியவராம். தோள் அகலம் மட்டும் மிச்சமிருந்தது. பெட்டியைத் திறந்தேன். பதுங்கி தலையை நீட்டியது, காதைத் திருப்பியது, காலை இழுத்துக்கொண்டு நேராகப் போய் மெஷின் ஓரமாகப் படுத்தது. எங்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"எத்தனையோ பேர் இந்தச் சத்தத்துக்குப் பயந்தே வீட்டுப் பக்கம் வர்றதில்ல," என்றார் அக்கா. "இதுக்குப் போய்ப் பிடிச்சிருக்கே!"

"மெஷின் என்ன பெரிய மெஷின்," என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "இவ குறட்டையை... நீ கேட்டதில்லையே. அதுக்கு... இன்னும் மருந்து கண்டுபிடிக்கல."

"நம்பாதேம்மா. கல்யாணமான நாள்லேர்ந்து இதே பொய். நான் குறட்டை விடறதே இல்ல."

"தூங்கறவளுக்கு... எப்படித் தெரியும்?"

"போதும், பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்று அக்கா அவர் போர்வையை இழுத்துவிட்டார். இந்தச் சண்டை எத்தனை வருடமாக நடக்கிறது என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

அதன்பின் அக்கா அவ்வப்போது கூப்பிடுவார். அவர் கட்டிலிலிருந்து கையைத் தொங்கப்போட்டால் குட்டி வந்து முதுகைக் கொடுக்கிறதாம். அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பிறகு ஒருநாள் கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "அவர் போயிட்டாரும்மா," என்றார். "காரியமெல்லாம் முடிஞ்சுது. மெஷினைக் கொடுத்தவங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குக் குட்டி கட்டிலுக்கு அடியில போனதுதான், வெளியே வரவே மாட்டேங்குது. ஒரு வாய் சாப்பிடல. ஃபேனைப் போட்டேன். மிக்ஸியைக்கூடப் போட்டுப் பார்த்தேன், இன்னும் உள்ள போயிடுச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"

"தூக்கமே வரல. வீடு இவ்வளவு சத்தமில்லாம இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நீ வந்து பாரு. என்கிட்ட இருந்து செத்துப்போயிடக் கூடாது."

மறுநாள் வேலை முடிந்ததும் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொறுப்பாளர் அம்மா பெட்டியைப் பார்த்தார். இரண்டாம் முறை திரும்பி வரும் பூனைக்கு என்ன நடக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் அந்தக் காலிப் பெட்டி கனத்தது. எனக்கும் வயதாகிறது, இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. கையை வைக்கப்போனவள் அப்படியே நின்றேன். உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. மெஷினைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினேன்.

மெஷின் இருந்த இடம் காலி. வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், தலைக்குக் கையை வைத்துக்கொண்டு அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் விழித்திருந்தாரோ, உடம்பு தானாக விழுந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தக் குறட்டை! இரைச்சல், ஒரு பெருமூச்சு, மறுபடி இரைச்சல். அவர் முதுகோடு முதுகை ஒட்டி, காலை நீட்டிக்கொண்டு, பதுங்கி கிண்ணத்தில் வாயை வைத்திருந்தது.

என் கையிலிருந்த பெட்டி தரையில் இடித்துவிட்டது. அக்கா விழித்துக்கொண்டார். சத்தம் நின்றது. குட்டி கட்டிலுக்கு அடியில் போய் முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.

"எப்பம்மா வந்தே?" என்று எழுந்து உட்கார்ந்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். "வெளியே வந்துச்சா? எப்போ?"

"நீங்க தூங்கறப்போ."

கிண்ணத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் குறட்டை விட்டேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "விட்டீங்கக்கா. நல்லாவே விட்டீங்க."

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் அவர்கிட்ட நான் ஒத்துக்கவே இல்லையே," என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவர் பார்வை என் பெட்டியின்மேல் விழுந்தது. அதைக் காலால் வாசலுக்கு வெளியே தள்ளினேன்.

"படுங்கக்கா. இன்னும் கொஞ்சம் தூங்குங்க," என்றேன். "அது பாதிதான் சாப்பிட்டிருக்கு."