அக்காவின் வாய்

பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சுவரொட்டியில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவே 'போஸ்டர்க்காரி' என்று கூப்பிடும் தங்கை, தன் கண்ணையே நம்பாமல் கிட்டே போய்ப் பார்த்தாள். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு, முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட நர்ஸ் சட்டை, உயர்த்திய வலது கை. எல்லாம் அவள் வரைந்த கோடுகள்தான். போன வருடம் நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சமையலறையில் அக்காவை நிற்க வைத்து வரைந்தது. அன்று அந்த வாய் அகலத் திறந்து ஊர்ச் சுவர்களிலெல்லாம் கத்தியது. இப்போது அதை மூடி, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் புன்னகை வைத்திருந்தார்கள். முஷ்டியைப் பிரித்து விரலிடுக்கில் ஒரு பூ. கீழே ஆஸ்பத்திரியின் பெயர். 'உங்களுக்காக, எப்போதும் புன்னகையுடன்.'

வேலைநிறுத்தம் முடிந்த கையோடு அக்காவை வீட்டுக்கு அனுப்பியது அதே ஆஸ்பத்திரிதான்.

தங்கை நேரே அங்கே விளம்பரப் பிரிவுக்குப் போனாள். அதிகாரி நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"திருட்டுன்னெல்லாம் சொல்லாதீங்க மேடம். உங்க வேலையப் பாத்து எங்க டிசைனர் இன்ஸ்பயர் ஆயிட்டாரு. நீங்க சந்தோஷப்படணும்."

"சார், அது எங்க அக்கா."

"நர்ஸுன்னா எல்லாரும் இப்படித்தானே இருப்பாங்க?"

"புருவத்துல தழும்போடவா?"

அவர் கணினித் திரையை உற்றுப் பார்த்தார். "அது வேணும்னா எடுத்துடலாம்," என்றார், தாராளமாக.

அதற்குப் பிறகு என்ன கத்தினோம் என்பது அவளுக்கே நினைவில்லை. வெளியே வரும்போது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேலை போனதிலிருந்து அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே, "பாத்துட்டியா?" என்றாள். "கூட வேலை பாத்தவங்க காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. உன் தங்கச்சி உன்ன வித்துட்டாளான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தடி சொல்ல? நான்தான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேனே."

போஸ்டர்க்காரி கறுப்பு, வெள்ளைச் சாய டப்பாக்களையும் தூரிகைகளையும் பைக்குள் போட்டாள். "கிளம்புக்கா," என்றாள்.

உச்சி வெயிலில் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவள் கண்ணாடி மேலேயே வெள்ளையை அப்பி அந்தப் புன்னகையை மறைத்தாள். பூவையும் மறைத்து, மடங்கிய விரல்களைப் போட்டாள். வாய்க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கத்தும் வாய் வெறும் ஓட்டையில்லை. தாடை இழுபட வேண்டும், கன்னம் ஒடுங்க வேண்டும். கோபத்தில் எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, வாயத் திற."

"உனக்குப் பைத்தியமாடி? இத்தன பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் அக்கா வாயைத் திறந்தாள்.

"இப்படி இல்ல. அன்னைக்கி மாதிரி."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்குள் வாயில்லாமல் நின்ற தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். போஸ்டர்க்காரி திரும்பவில்லை, தூரிகையைக் கறுப்பில் முக்கினாள். அக்காவின் கழுத்து நரம்புகள் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுந்தன.