காரணம்: மழை விட்டுவிட்டது

1.

“சேர், எனக்கு இண்டைக்கு அரைநாள் லீவு வேணும். ரோட்டில தேங்கின மழைத்தண்ணியப் பாக்கப் போறன்.”

இந்தக் கதை பிறந்தது இந்த வாக்கியத்தில்தான். வேலை நிரந்தரமாகும்வரை லீவு என்று வாயே திறக்கக்கூடாது என்பது உம்மா போட்ட சட்டம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சட்டத்தை மீறியதும் நான்தான்.

2.

(கைவிட்ட தொடக்கம்: ‘மழை ஓய்ந்த திருகோணமலை ஒரு கண்ணாடியைப்போல...’ சீ!)

பள்ளிக்கூடக் காலத்தில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. தேங்கிய தண்ணீர் என்றால் எனக்கு வான் வண்டியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறு மட்டுமே. நேற்று, உட்துறைமுக வீதியில் பஸ் நின்றபோது யன்னலால் குனிந்து பார்த்தேன். தேங்கிய தண்ணீருக்குள் துறைமுகத்துப் பாரந்தூக்கி தலைகீழாக நின்றது. அதன் கொக்கியில் ஒரு மேகம். ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வாய் வைத்ததும் இரும்பு முழுக்க நெளிந்தது. அது நிமிர்வதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

இரவும் மழை. இன்று அந்தத் தண்ணீரின் முன்னால் நிற்க வேண்டும், தாண்டிக் குதிக்காமல். வெயில் ஏறினால் வற்றிவிடும்.

3.

மேலதிகாரி கலீலுர் றஹ்மான் சேர் என் லீவுப் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“புள்ள, காரணம் காய்ச்சல் எண்டு எழுதுங்க. கையெழுத்து வைக்கிறன்.”

“காய்ச்சல் இல்லையே சேர்.”

“இங்க ஆருக்குத்தான் இருந்திருக்கு?”

பக்கத்து மேசை பஹ்மியா தலையை நீட்டினாள். “என்ட மாமி இந்த வருஷம் மூணு தரம் மௌத்து, மூணு தரமும் அடக்கியாச்சு. ஒவ்வொரு தரமும் சேர் கவலப்பட்டவர்.”

சேர் சிரிப்பை விழுங்கினார். (இவரைக் கொடியவராக எழுதத்தான் தொடங்கினேன். ஏலாமல் போயிற்று.)

“அடுத்த கிழமை உங்கட நிரந்தரக் கடிதம் வரணும். இதப் பாத்தா மேல இருக்கிறவங்க விடுவாங்களா? ஒரு சொல்லுத்தானே, மாத்துங்க.”

ஒரு சொல்தான். இந்த அலுவலகத்தில் எல்லாரும் மாற்றிய சொல்.

4.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்:

காய்ச்சல் என்று எழுதினாள். அந்தத் தண்ணீரின் முன்னால் பொய்க்காரியாக நின்றாள்.

சேரும் கூடவே வந்தார். (சினிமா.)

கடிதம் வரவில்லை, உம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, யன்னலில் வெயில் ஏறுகிறது. லீவுப் படிவத்தை எழுதியபடியே சேரின் மேசையில் வைத்துவிட்டேன்.

“புள்ள, எங்க போறீங்க?”

“எழுதியிருக்கிற இடத்துக்குத்தான் சேர்.”

கோபம்கூட இல்லை. பசித்தவள் சாப்பிடப் போவதைப்போல மனம் லேசாக இருக்கிறது. வாசல்படியில் நின்று இவ்வளவும் எழுதிவிட்டேன்; மிச்சத்தையும் எழுத நின்றால் அந்தத் தண்ணீர்...