ஆமெனுக்கு முன்னால்

ரோலர் இஸ்திரி சூடேற இருபது நிமிடம் பிடிக்கும். ஆள் உயரத்துக்கு நீண்ட இரண்டு உருளைகள். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் புது நோட்டுத் தாள்போல மொடமொடவென்று வெளியே வரும். சூடேறும்போதே மெழுகு பூசிய துணியை நாலைந்து முறை உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் விரிப்பே ஒட்டிக்கொண்டு கருகும். விரிப்பு கருகினால் ஹோட்டல்காரன் முகமும் கருகும். சலவைக் கம்பெனியின் காலை ஜெபம் சரியாக அந்த இருபது நிமிடத்தில்தான் நடக்கும். ஆமென் சொன்னதும் எல்லாரும் வரிசையில் போய்க் கடிகாரத்தில் கார்டு அடிப்பார்கள். அடித்த பிறகுதான் வேலை நேரம்.

முதலாளி பக்திமான். வேஷம் என்று எதிரிகூடச் சொல்லமாட்டான். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து வாடிய முகத்தோடு வருவார். வேலைக்கு முன்னால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் என்பது அவருடைய அப்பா வைத்த ஏற்பாடு. மொத்தம் நூற்றைம்பதில் முப்பதை முதலாளியே தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஆக்கியிருந்தார். மேய்ப்பன் வருகிறவை, கன்மலை வருகிறவை, செட்டைகளின் நிழல் வருகிறவை. கூடையில் கைவிட்டுப் பார்த்துப் பார்த்துத் தக்காளி பொறுக்குகிறவரைப்போல அடிபட்டது, வெடித்தது எல்லாவற்றையும் கூடையிலேயே விட்டுவிட்டார்.

அந்த முப்பதும் ரோலர்க்காரிக்குத் தலைகீழ்ப் பாடம். பதினொரு வருஷமாக ரோலரில் நிற்கிறாள். பெரிய துவைக்கும் டிரம்கள் நாலும் ஒன்றாகச் சுற்றினாலும் அவள் குரல் மேலே கேட்கும். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறும் இடத்தில் அவள் மூச்சு விடாமல் சொல்வாள். எல்லாரும் ஒருமுறை படித்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டதும், அவள் மட்டும் அதை மறுபடி மனப்பாடமாகச் சொல்வாள். அதனால் அவள் பெயரே எல்லாருக்கும் 'சங்கீதக்கா' என்று ஆகிப்போயிற்று. அதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான். வாழ்க்கையில் வேறு எதற்கும் யாரும் அவளுக்குப் பட்டம் கொடுத்ததில்லை.

மேஸ்திரிக்கு மட்டும் அந்தத் திறமை வேறுமாதிரித் தெரிந்தது.

"எல்லாரும் கையில புத்தகத்த வச்சுக்கிட்டு நின்னா மெழுகுத் துணிய யாரு விடுறது?" என்றார் ஒருநாள். "உனக்குத்தான் புத்தகமே வேண்டாமே சங்கீதக்கா. கை சும்மாதான தொங்குது. வாய் ஆண்டவருக்கு, கை கம்பெனிக்கு. ரெண்டு பேருக்கும் குறை வைக்காத."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது நடந்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து அவள் ஜெபக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ரோலரைப் பார்த்தபடி சங்கீதம் சொல்லிவந்தாள். உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நின்றுவிடும் என்பதால் மேஸ்திரி அதைக் கிழிந்த தலையணை உறையால் மேலே தூக்கிக் கட்டிவைத்திருந்தார்.

அன்று ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டம். விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கண் உறங்காமல் காக்கிறவர், காலை இடற விடமாட்டார் என்று வரும் சங்கீதம். அவள் மூன்றாவது முறையாகத் துணியை விட்டுக்கொண்டிருந்தாள். எட்டு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது மேஸ்திரி வந்து வேகத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினார். துணி சரேலென்று உள்ளே போயிற்று. துணியோடு கையும் போயிற்று.

அவள் உடனே கத்தவில்லை. சொல்லிக்கொண்டிருந்த வசனத்தில் இன்னும் அரை வார்த்தை தானாக வந்தது. பிறகு நின்றது. சங்கீதம் பாதியில் நின்றதால்தான் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். பாய்லர்காரர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தி, உருளையை நெம்பி, சலவை செய்த தலையணை உறையில் கையைச் சுற்றினார். விரிப்பு ஏற்றும் வேனில் அவளைக் கிடத்திக் கதவைச் சாத்தும்போது உள்ளே கார்டுக் கடிகாரம் 'டக், டக்' என்று அடிப்பது கேட்டது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

கட்டைவிரல் தப்பித்தது. மற்ற நாலும் போயின.

நாலாம் நாள் முதலாளி ஒரு பை நிறையப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்று, கண்ணீர் விட்டு ஜெபித்தார். எந்த வாதையும் வீட்டை அணுகாது என்கிற சங்கீதத்தை அவரே சொன்னார். நடுவில் ஒரு வரி மறந்துபோக, அவள் எடுத்துக்கொடுத்தாள். போகும்போது வாசலில் அவள் புருஷனிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, பிரதர். வேலை நேரத்துக்கு முன்னால, சொந்த விருப்பத்துல ஜெபத்துக்கு வந்திருந்தாங்க, அப்ப அடிபட்டுச்சுன்னு. உண்மைதான? சிஸ்டரை ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க."

புருஷனுக்கு சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி விற்கிற தொழில். வாளிக்காரர் என்றால்தான் நாலு தெருவுக்குத் தெரியும். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளியின் அடியில் விரிசல் தேடுகிற பார்வை அது.

"வச்சுட்டுப் போங்க சார். எவ்வளவு அன்பா நீட்டினாலும் முதல்ல சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கறதில்ல. பழக்கம் அப்படி."

விஷயம் எளிமையானது. வேலையில் அடிபட்டது என்று எழுதினால் காப்பீட்டு அலுவலகம் அவள் சாகும்வரை மாதாமாதம் பணம் தரும். வேலைக்கு முன்னால் என்று எழுதினால் இன்னொரு பை பழம் வரலாம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சங்கீதம் வரவில்லை. முப்பதில் ஒன்றும் முதல் வரியைத் தாண்டவில்லை. நிழல் என்று ஆரம்பித்தால் உருளையின் சூடு கையில் ஏறியது. ஒருவாரம் கழித்து, "வீட்டுல இருக்கிற பெரிய புத்தகத்தக் கொண்டாங்க" என்றாள். அவர் கொண்டுவந்து மடியில் வைத்தார். இடது கையால் பக்கம் திருப்புவது, சின்னக் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோலச் சிரமமாக இருந்தது. முப்பதைத் தள்ளிவிட்டு மற்றவற்றைப் படிக்க ஆரம்பித்தாள்.

"என்னங்க, இங்க பாருங்களேன். இந்த ஆளு சண்டை போடறாரு."

"யாருகூட?"

"ஆண்டவர்கூடத்தான். இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருக்கப்போறீர்னு கேக்கறாரு. இதுல, கஷ்டம் வந்த நேரம் பார்த்து ஏன் தூரமாப் போய் நின்னீர்னு. இன்னொண்ணுல, நான் செத்து மண்ணாப் போயிட்டா உம்மைப் பாட யாரு இருக்கா, மண்ணு பாடுமான்னு கேக்கறாரு."

வாளிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அது நம்ம பேச்சுடி. என்னை விட்டா நஷ்டம் எனக்கில்ல, உனக்குத்தான்னு சொல்றான் பாரு. இதுக்கு மேல ஒரு பேரம் கிடையாது. கேட்டு இறங்கி வந்தாரா?"

"சிலதுல வந்திருக்காரு. எண்பத்தெட்டுல வரல. இருட்டுலயே முடியுது. கடைசியில ஒரு ஸ்தோத்திரம்கூட இல்ல."

"அப்படியேவா அச்சுல போட்டிருக்கு?"

"அப்படியே இருக்கு. யாரும் கிழிக்கல."

அவர் அருகில் வந்து அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். படிக்கவில்லை, இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அவள் அதை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரி வரை நிற்காமல் போனாள். இவ்வளவு அழுதவனையும் வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க, அடிபட்ட நாளிலிருந்து இறுகிக் கிடந்த தோள்பட்டை கொஞ்சம் தளர்ந்தது. மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும், "அந்தக் காகிதத்துல நான் கையெழுத்து போடப்போறதில்ல" என்றாள்.

விசாரணை கம்பெனியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். மூக்கு அடைத்துக்கொண்ட, நல்ல மனுஷர். அவளை முதலில் உட்காரச் சொன்னது அவர்தான். மேசையின் மறுபக்கம் முதலாளியும் மேஸ்திரியும். அவளுடைய கார்டை எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு நேரே வெறும் கட்டம்.

"ஜெபத்துக்கு வரச்சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

முதலாளி அவளைப் பார்த்தார். மிரட்டலாக இல்லை, கூடப்பிறந்தவளைப் பார்க்கிறதுபோல. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று புருஷன் வரும் வழியெல்லாம் சொல்லியிருந்தார். சொன்னால் பதினொரு வருஷம் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் கூலிக்குச் சொன்னதாக ஆகிவிடும்.

"சங்கீதம் சொன்னது என் இஷ்டம் சார்," என்றாள். "மெழுகுத் துணி விட்டது மேஸ்திரி சொன்ன வேலை. கம்பியக் கட்டினதும் அவரு. வேகத்தக் கூட்டினதும் அவரு."

"ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கே."

"வாய் வேற, கை வேற சார். கைதான போச்சு."

அதிகாரி பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். "எனக்குப் புரியுதும்மா. படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. வேலையா, வேலைக்கு வெளியவா. பாதிப் பாதியா எழுத இடமில்ல. யாராவது பார்த்திருந்தா சொல்லட்டும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். துவைக்கும் டிரம்காரர், ஏற்றிறக்குகிறவர், மடிக்கிற பெண்கள். எல்லாருக்கும் ஒரே பதில், மனப்பாடம் செய்ததுபோல. ஆனால் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, பொய்யும் அல்ல.

"ஜெபத்துல கண்ண மூடியிருந்தேன் சார். பார்க்கல."

கடைசியாக பாய்லர்காரர். அவருக்கு 'அரைக்கண்ணர்' என்று பட்டம். ஜெபத்தில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பாய்லரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "நான் முழுசா மூடினா நீங்க எல்லாரும் ஆண்டவரை நேராவே பார்த்துருவீங்க" என்பார். பாய்லருக்கு நேர் எதிரேதான் ரோலர். திருகைத் திருப்பிய கையை அவர் பார்த்தார் என்பது வேனில் ஏற்றும்போதே அவளுக்குத் தெரியும். அப்போது மேஸ்திரியின் தாயைச் சேர்த்துத் திட்டியது அவர்தான்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி.

அரைக்கண்ணர் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும்.

"நானும் மூடியிருந்தேன் சார்."

"ரெண்டு கண்ணையுமா?" என்றாள் அவள், மெதுவாக.

மடிக்கிற பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டையும்தான் சங்கீதக்கா," என்றார் அவர். "அன்னைக்குன்னு பார்த்து நல்ல பக்தி."

வெளியே போகும்போது அவர் நாற்காலியில் காலை இடித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேலை நேரத்துக்கு முன்னால், விருப்ப வழிபாட்டின்போது நேர்ந்த விபத்து. கம்பெனிக்காரர்கள் தனியாக ஒரு சீட்டு அனுப்பியிருந்தார்கள்: நீல மேலங்கியையும் சாமான் வைக்கும் பெட்டியின் சாவியையும் ஒப்படைக்க வேண்டும், வேலை கெடாமல் இருக்கக் காலை எட்டு மணிக்கு முன்னால் வரவும்.

ஏழரைக்கு வாளிக்காரர் அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார். சைக்கிளின் இரு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக வாளிகள் ஆடின. "நீ குடுத்துட்டு வா, நான் எதிர்ச் சந்துல ரெண்டு வாளி தள்ளிப் பார்க்கறேன்" என்று போனார். போகிற வேகத்தைப் பார்த்தால், அவருக்கு அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மேலங்கியையும் சாவியையும் வாசல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது மடிக்கிற பெண்களில் ஒருத்தி, விசாரணையில் இருமினவள், ஓடிவந்தாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். கையில் எட்டாக மடித்துக் கசங்கிய தாள்.

"அக்கா, நல்லாயிருக்கீங்களா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ரோலருக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க. முப்பதும் புத்தகம் இல்லாம வரணுமாம். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு மேஸ்திரி. என் மண்டையில ஏறவே மாட்டேங்குது. நீங்க எப்படிக்கா பண்ணீங்க?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில், கன்மலை வரும் சங்கீதம்.

"மனப்பாடம் பண்ணாத," என்றாள்.

"என்னக்கா?"

"வரலன்னு சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் வரலன்னு சொல்லு. புத்தகத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. கீழ வைக்காத."

"வரலன்னா மடிக்கிற வேலையும் இல்லன்னுட்டாரே."

உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. அந்தப் பெண் தாளை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினாள்.

வாசலை ஒட்டிய கம்பிவலை ஜன்னலில் நின்று சங்கீதக்கா பார்த்தாள்; நீராவியில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். புத்தகங்கள் விரிந்தன, தலைகள் குனிந்தன. ஒரு குரல் ஆரம்பித்தது; ஒரு வரி சொல்லி, நின்று, அதே வரியைத் திரும்ப ஆரம்பித்தது. ரோலருக்கு முன்னால் அந்தப் பெண் கூரையைப் பார்த்து அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மெழுகுத் துணியைப் பிடித்தபடி முன்னால் நீண்டிருந்தன.