முதுகுக்கு ஓர் ஆள்

கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த வேலை இரண்டு. ஒன்று, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது. இன்னொன்று, மான்குட்டி மாதிரிக் கத்துவது. முதல் வேலையில் வயிறு நிறைந்தது, இரண்டாவதில் பெயர் கிடைத்தது. மனுஷனுக்கு என்றைக்குமே வயிற்றைவிடப் பெயர்தானே பெரிதாகத் தெரிகிறது.

ஜன்னல் சட்டத்தில் செருகும் ரப்பர் பட்டையில் விரல் நீளம் நறுக்கி, இரண்டு மரச்சில்லுகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய ஊதல் அது. அவரே செய்தது. உதட்டில் வைத்து உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தால், தாயைத் தொலைத்த குட்டி அழுவது அப்படியே கேட்கும். அதைக் கேட்டுப் பெண்மான் ஓடிவரும், அதன் பின்னாலேயே கொம்பன், அதாவது ஆண்மானும் வரும். பாவமான வேலைதான். வேட்டைக்குப் போகிறவன் பாவபுண்ணியம் பார்த்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஊதுவது அவர், சுடுவது மச்சினன். மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி, வெல்டர். வேட்டைக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் மாதங்களில், பதினாறு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் போனார்கள். காட்டுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். ஊதுகிறவர் முன்னால் பார்ப்பார். ஊதும் வேகத்தில் கை விசையில் பட்டுவிடக் கூடாது என்று அவர் துப்பாக்கியில் தோட்டாவே இருக்காது. சுடுகிறவன் பின்பக்கம் பார்ப்பான், வாயைத் திறக்க மாட்டான். வருகிற எதுவும் மோப்பம் பிடித்துச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் வரும். குட்டியின் அழுகைக்குத் தாய் மட்டும் வருவதில்லை, குட்டியைத் தின்கிறதும் வரும். அதனால்தான் முதுகுக்கு ஓர் ஆள்.

அந்த முதுகு விலகியது ஒரு சாப்பாட்டு மேஜையில். விருந்தாளிகள் நாலு பேர் இருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு ஆள் கிடைத்தால் போதும், அளக்க ஆரம்பித்துவிடுவார். "நான் ஊதினா செத்த மான்கூட எழுந்து வரும்" என்றார். மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "வரும், வரும். ஆனா சுடறது யாரு? நான் இல்லேன்னா மாமா இத்தனை வருஷத்துல ஒரு காக்காகூட சுட்டிருக்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவர் மறுநாளே மறந்திருப்பார், அவள் சிரித்ததுதான் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று மாதம் மச்சினனோடு பேச்சுவார்த்தை இல்லை. அவன் போன் செய்தால் எடுப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் கண்ணாடிக்கு ஓரம் பூசும் புட்டி டப்பாவைக் கிளறிக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயசு மனுஷர். யாரிடம் போய்ச் சொல்வது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தனியாகக் கிளம்பிவிட்டார். ஒரு கொம்பனைச் சுட்டுக் கொண்டுவந்து அதே மேஜையில் கறி பரிமாற வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

வழக்கமான இடம், வற்றிப்போன ஓடையின் வளைவு. அங்கே பெரிய பாறை ஒன்று உண்டு. தனியாக வந்தவன் அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் உட்காரவில்லை. பதினாறு வருஷம் உட்கார்ந்த வெட்டவெளியிலேயே, பதினாறு வருஷம் பார்த்த திசையைப் பார்த்து உட்கார்ந்தார். துப்பாக்கியை மடியில் வைத்தார். தோட்டா பைக்குள், பை தொடைக்கு அடியில். எதையும் யோசித்துச் செய்யவில்லை, பழகிய கை தானாகச் செய்தது.

ஊதினார். நன்றாக வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி ஊதினார். காடு கம்மென்று இருந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும், தன் குரலின் அழகில் மயங்கி இருந்தவருக்கு அது எங்கே உறைக்கும்.

நாலாவது தடவை ஊதி முடித்தபோது முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது.

ஊதலைப் பல்லில் கடித்தபடியே, "ஆடாம உக்காருடா" என்று கிசுகிசுத்தார்.

சத்தம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று மனசுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பினார்.

ஏழு எட்டு அடி தூரத்தில் சிறுத்தை நின்றது. அவர் மனசில் இருந்த சிறுத்தை இது இல்லை. விலா எலும்பு எண்ணிவிடலாம். முன்னங்கால் ஒன்றில் சுருக்குக் கம்பி இறுகி, பாதம் வீங்கி அழுகியிருந்தது. அந்த நாற்றம் இவர் மூக்குக்கு இப்போதுதான் வந்தது. ஓடிப் பிடிக்க முடியாத மிருகம், நடந்து போய் எடுத்துக்கொள்ளக் கூடியதைத் தேடி வந்திருக்கிறது. அதன் கண் அவர் முகத்தில் இல்லை, உதட்டில் இருந்தது. அழுத குட்டி எங்கே என்று பார்த்தது.

பயத்தில் அவருக்கு மூச்சு வெளியேறியது. வாயிலிருந்த ஊதல் தானாக முனகியது.

சிறுத்தையின் காது இரண்டும் முன்னுக்குத் திரும்பின. ஓர் அடி எடுத்து வைத்தது.

அவர் மூச்சைப் பிடித்தார். ஊதலைத் துப்ப வேண்டும், தாடை கிட்டித்துப்போய்ப் பல் விடமாட்டேன் என்றது. நெஞ்சு வலித்தது, கண் இருட்டியது. இன்னொரு மூச்சு விட்டால் இன்னொரு அழுகை, இன்னோர் அடி. ஊரெல்லாம் பெருமையடித்த குரல் இப்போது அவரையே குட்டியாக்கி அதன் வாய்க்கு ஊட்டிவிடப் பார்த்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பார்! எச்சில் வழிந்து, அந்த வழவழப்பில் ஊதல் நழுவி மடியில் விழுந்தது.

சத்தம் நின்றுபோனதில் சிறுத்தைக்குக் குழப்பம். அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. அழக்கூட அவரால் முடியவில்லை. மேட்டில் எங்கோ ஒரு கல் உருண்டது. சிறுத்தை தலையைத் திருப்பி, மூன்று காலில் எழுந்து, பக்கத்துப் புதருக்குள் போனது. தூரமாகப் போகவில்லை. புதர் அசைவது நின்ற இடத்திலேயே அதுவும் நின்றது. அவர் பார்வையை எடுக்காமல் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, வண்டிப் பாதையைத் தொட்ட பிறகுதான் கால்சட்டை நனைந்திருப்பதை உணர்ந்தார்.

காட்டு வாசலில் சாவடி. வெளியே போகிறவர்கள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன பார்த்தீர்கள் என்று ஒரு கட்டம். சிறுத்தை என்று எழுதினால் போதும், ஓடைப் பக்கம் யாரும் போகாதபடி அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். காவலாளி அவர் கால்சட்டையைப் பார்த்து, "என்ன சார், ஓடையில விழுந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா."

ஓடை வற்றி மூன்று மாதம் ஆகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவன் வாயைக் கோணி அடக்கிய சிரிப்பில் அவர் மானம் கப்பலேறிவிட்டது. சிறுத்தை என்று எழுதினால் அந்த ஈரத்துக்கு அர்த்தமும் சேர்ந்து ஊருக்குப் போகும். 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கால்சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டார். மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, ஏதாவது கெடச்சுதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அந்த மேஜையில் சிரித்த சிரிப்பு குறுக்கே வந்து நின்றது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி அவர்.

"கெடைக்காம என்ன? கொம்பன் மட்டும் மூணு. எல்லாம் சின்னது, பாவம்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் போய்ப் பெருசா ஒண்ணு தூக்கிட்டு வரேன்."

அன்று சாயங்காலமே அவள் தம்பியிடம் போனில் அதை அப்படியே சொன்னாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. "அந்த ஓடை வளைவுலதான்டா. மூணு கொம்பனாம்." ஒரே ஒரு அதட்டல் போட்டு நிறுத்தியிருக்கலாம். அவன் பொறாமையில் வேகட்டும் என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை ஒரு அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வெட்டினார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கோடு போட்டதில் கோடு தப்பியது. புதன்கிழமை மச்சினனுக்குப் போன் போட்டு, அங்கே மணி அடித்ததும் துண்டித்தார். அவன் திருப்பி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? டேய், நீ சொன்னது சரிதான், நீ இல்லாமல் நான் நனைந்துகொண்டு ஓடி வந்தேன் என்றா?

சனிக்கிழமை சோறு போடும்போது மனைவி சொன்னாள். "தம்பி நாளைக்கு அங்க போறானாம். உங்ககிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னான்."

"தனியாவா?"

"கூட வர ஆள் பேசறதில்லையே! மூணு மாசமா உங்க ஊதல் ஒண்ணை வெச்சுக்கிட்டு ஊதிப் பழகறானாம். பட்டறையில ஆட்டுக்குட்டி வளக்கறியான்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கறாங்களாம்."

அவள் சிரித்தாள். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் ஊதினா எது வரும்?" என்றார். மனசுக்குள்ளும் அதையேதான் சொல்லிக்கொண்டார். எது வரும், எதுவும் வராது, ஊத வாய் வராதவன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினார்.

ஞாயிறு காலை கடையைத் திறந்து, யாரும் கேட்காத ஒரு கண்ணாடியை வெட்ட உட்கார்ந்தார். வைரமுனையை அளவுக்கு மீறி அழுத்தினார். கண்ணாடி குறுக்கே விரிந்து இரண்டு துண்டாகி, ஒன்று காலடியில் விழுந்து நொறுங்கியது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஷட்டரைக்கூட இறக்காமல் வண்டியை எடுத்தார். வழி முழுக்க, ஒன்றும் ஆகியிருக்காது, திட்டுவான், திட்டட்டும், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

சாவடியில் கூட்டம். நாலு பேர் ஒரு தார்ப்பாயின் முனைகளைப் பிடித்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு வெளியே தொங்கிய கையில் வெல்டிங் பொறி சுட்ட பழைய தழும்புகள். அவருக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உயிர் தப்பிவிட்டான். இடது காதும் கன்னமும் கிழிந்து, முகத்தில் பாதி கட்டுக்குள் போயிற்று. வலது தோள் நரம்பு போய்விட்டது, அந்தக் கையை இனித் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வெல்டருக்கு வலது கை போவதும் உயிர் போவதும் எவ்வளவு வித்தியாசம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாலாம் நாள்தான் பேசினான். ஆஸ்பத்திரி அறையில் கட்டிலின் இடது பக்கம், கட்டுப்போட்ட பக்கமாக, கண்ணாடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் ஒரு கண்ணாடிக்கு விரிசல். அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி சருகு சத்தம் கேட்டுச்சு மாமா" என்றான் அவன், தலையைத் திருப்ப முடியாமல். "நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் விரிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்குத்தான அக்காகிட்ட சொல்லச் சொன்னேன். கோவத்துல பேச மாட்டீங்க, ஆனா வந்து சும்மா முதுகுக்கு முதுகு உக்காந்துருவீங்கன்னு தெரியும். திரும்பிப் பாத்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்... அதான் திரும்பல. ஊதிக்கிட்டே இருந்தேன்."

கஞ்சி ஆற்றும் சத்தம் நின்றது. மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"அன்னிக்குக் கால்சட்டைய நீங்களே துவைச்சீங்க" என்றாள். "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு கைக்குட்டை துவைச்சதில்ல நீங்க. அங்க என்னத்த பாத்தீங்க?"

மூன்று கொம்பன் என்று மறுபடியும் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோட்டில் ஒன்றுமில்லை என்றுதான் இருக்கிறது.

"அதைத்தான் பாத்தேன்" என்றார் கண்ணாடிக்காரர். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. "முன்னாடியே பாத்தேன்."

மனைவிக்குக் கேட்டது. அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மாமா?" என்றான் மச்சினன். "அந்தக் காது கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அவர் எழுந்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி, நல்ல காது இருந்த பக்கமாக நடந்தார்.