புஷ்பராணி ஏன் போட்டோவுக்கு வரவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாணப் பந்தி. பட்டர்வொர்த்தில், மத்தியான வெயிலில், ரசத்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் எதிர் இலைக்காரரிடம் சொன்னார்: “பீச் ஸ்ட்ரீட் லாயர் ஆபீஸ்ல டைப் அடிக்குதே புஷ்பராணி, தைப்பிங் மாப்பிள்ளைய அந்தக் கடல் பாறையில வச்சே வேணாம்னு காட்டிடுச்சுலா. அவ்ளோ திமிர்.” எதிர் இலைக்காரர் தலையாட்டிவிட்டு அப்பளம் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் அதை நம்பவில்லை. காரணம் பிறகு. முதலில் கதையைத் தொடங்க வேண்டும், அதற்கே தெம்பில்லை. பிறை ஊர்த் தொழிற்சாலையில் வாரமெல்லாம் மாரடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனா பிடிக்கிறவனிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: “நீலக் கடல் ஆர்ப்பரிக்க, செங்குத்துப் பாறைகளின்மேல் தென்றல்...” இதற்கு மேல் போகவில்லை. அவர்கள் போன நேரத்துக்கு அங்கே அடிப்பது அனல்.

இரண்டாவது: “புஷ்பராணிக்கு முப்பத்து மூன்று வயது என்பதை அவள் அம்மா யாரிடமும்...” (வேண்டாம். வயதில் தொடங்கினால் நானும் பந்திக்காரர்கள் பக்கம் சேர்ந்துவிடுவேன்.)

மூன்றாவது தொடக்கத்தை விநாசித்தம்பி மாமாவிடம் விட்டுவிடுகிறேன். எல்லாம் அவர் செய்த ஏற்பாடுதானே.

3

தரகர் என்றால் மாமாவுக்குக் கோபம் வரும். ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குச் சம்பந்தம் பேசிவைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் முறைக்கு அவரே வைத்த பெயர் ‘தற்செயல்’. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்தால் என்ன முகத்தோடு திரும்பிப் போனார்கள் என்று அக்கம்பக்கம் பார்க்கும். அதனால் இரண்டு வீட்டாரும் காற்று வாங்கப் போன இடத்தில் எதேச்சையாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்திருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கடைசியில் ஒருவர் கேமராவை எடுப்பார். பெண் போய் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால் சம்மதம். நிற்காவிட்டால் இல்லை. அவரவர் காரில் ஏறிக்கொள்ளலாம்.

(எனக்கு இந்த முறையில் மரியாதை உண்டு. அழுத முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர்தான் இப்படி ஒன்றை யோசித்திருக்க முடியும்.)

கோயிலிலும் பூங்காவிலும் தெரிந்தவர்கள் கண்ணில் படுவார்கள். ஆகவே எண்பத்து மூன்றாம் வருஷம், ஒரு வேலை நாளில், பத்து பெரிங்கி கடற்கரைக்கு அப்பால் வெள்ளைக்காரர்கள் கடல் பார்க்கப் போகும் ஒரு பாறை முனையை மாமா தேர்ந்தெடுத்தார். கீழே நேர்ச் சரிவு, அடியில் அலை, விளிம்பில் இடுப்புயரக் கம்பித் தடுப்பு. புஷ்பராணிக்கு உயரம் என்றால் உயிர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் அம்மா வள்ளிநாயகி அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.*

* சிறுமியாக இருந்தபோது மலை ரயிலில் புஷ்பராணி “தலை சுத்துது” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த உறவுக்காரி, பிள்ளைக்கு வலிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் வளர்ந்த பிறகு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று அந்தப் பேச்சாலேயே நின்றது. இப்போது வேறு இடம் கேட்டால் மாமாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வள்ளிநாயகி கேட்கவில்லை.

4

ஆயர் ஈத்தாமிலிருந்து கமாலுதீனின் டாக்சி. தஞ்சோங் பூங்கா தாண்டியதும் வலது பக்கம் கடல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. புஷ்பராணி இடது ஓரம் ஒண்டிக்கொண்டு மலைச்சரிவையே பார்த்துவந்தாள்.

கமாலுதீன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: “என்னக்கா, பெனிங்கா இருக்கா, தலை கிலை சுத்துதா? காடிய நிறுத்தவா?”

“இல்ல தம்பி, வெயில்,” என்றாள் வள்ளிநாயகி அவசரமாக. பிறகு மகளின் காதருகில்: “அங்க போய்த் தலை சுத்துதுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத, பிள்ளை. ஒன்னக் கெஞ்சிக் கேக்கிறேன்.”

“சரிம்மா.” அவளுக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. எத்தனை தடவைதான் புடவை மாற்றிக்கொண்டு போய் நிற்பது? போய்விட்டு வந்து படுத்தால் போதும் என்றிருந்தது.

முனையில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு இளநீர்க் கடை. அங்கேதான் ‘தற்செயல்’ நடந்தது. மாமா எங்கள் பக்கம் திரும்பி, “அட, நீங்களுமா!” என்றார். (எங்கள் என்று எழுதிவிட்டேன். நான் அங்கே இல்லை. அடித்துத் திருத்தவும் மனமில்லை, இருக்கட்டும்.)

மாப்பிள்ளை கனகசுந்தரம் தைப்பிங்கில் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தவுடனேயே இளநீரைச் சிந்திக்கொண்டான். அவன் அக்கா சற்குணம் முறைத்தாள். பெரியவர்கள் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“எதேச்சையா வந்த மாதிரியே பேசணும்னு அங்கிள் சொன்னாரு,” என்றான். “எனக்கு வரலைங்க. இப்படி அலைஞ்சு அலைஞ்சு ரொம்ப அலுத்துப் போச்சு. உங்களுக்கு?”

“எனக்கும்தான்.”

“அப்ப இளநியாவது ஒழுங்காக் குடிப்போம்லா.”

புஷ்பராணி சிரித்துவிட்டாள். சம்பளம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறாள், டைப் வேகம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். அலுப்பா என்று கேட்டவன் இவன்தான். பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன்: அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

அப்போது சற்குணம் கம்பித் தடுப்பருகில் நின்று கேமராவைத் திறந்தாள். “தம்பி, இங்க வந்து நில்லு. ராணி, நீங்களும் வாங்க. இங்கேருந்து கடல் நல்லாத் தெரியுது.”

அவன் போய்த் தடுப்பில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தான். புஷ்பராணி காலை எடுத்து வைத்தாள். தரை கடலைப் பார்த்துச் சரிவதாகப்பட்டது. உள்ளங்கால் கூசியது. அதற்கு மேல் கால் எழும்பவில்லை.

“போ பிள்ளை,” என்றாள் வள்ளிநாயகி, உதடு அசையாமல்.

அவன் ஒருமுறை பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

5

இங்கே கனகசுந்தரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள், வந்து கேட்டால் என்ன? எழுதிப் பார்த்தேன்: “அவன் திரும்பி வந்து, என்னங்க ஆச்சு என்று...” வரமாட்டேன் என்கிறான். மாமாவின் முறைப்படி, வந்து கேட்டால் பெண்ணை நெருக்குவதாக அர்த்தம். முகத்துக்கு நேரே மறுக்கும் சங்கடம் அவளுக்கு வேண்டாம் என்றுதான் அவன் கடலைப் பார்க்கிறான். கொஞ்சம் முரடனாக இருந்திருந்தால் காரியம் நடந்திருக்கும்.

போன ஞாயிறு அந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுதலாமென்று பஸ் ஏறிப் போனேன். இளநீர்க் கடை வரைக்கும் போனேன். அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்தார்.

பந்திப் பேச்சை நான் நம்பாத காரணம் இதுதான். ஆயர் ஈத்தாமில் புஷ்பராணி வீடு இருக்கும் அடுக்குமாடியில், மேல்மாடி நடைபாதையில், அவளும் நானும் ஒருநாள் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். நான் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறேன், அவளும் அதே சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள். வெளிப்பக்கம் விலக இருவருக்கும் தைரியமில்லை.

“நீங்க அந்தப் பக்கமாப் போங்கண்ணே,” என்றாள்.

“நீ போம்மா,” என்றேன்.

கடைசியில் நான்தான் பின்னோக்கியே நடந்து படிக்கட்டுவரை போய் வழிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

6

முடிவுகள்.

அ) அவள் கண்ணை மூடிக்கொண்டு தடுப்புவரை நடக்கிறாள். ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளைப் போ போ என்று தள்ளியாயிற்று, நானும் தள்ள வேண்டுமா?

ஆ) அவனுக்கும் உயரம் பயம் என்று தெரியவருகிறது. நடக்காது. கம்பியில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், பாவி.

இ) வள்ளிநாயகி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். “தம்பி, அவளுக்கு...” வாய் திறந்தது. வருஷக்கணக்காக மூடியே பழகிய வாய், மூடிக்கொண்டது.

ஈ) இரண்டு கார்களும் கிளம்புகின்றன. நிஜத்தில் நடந்தது இதுதான். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நான் வேறு எழுத வேண்டியதில்லை.

நிஜத்தில் போன கார்கள் போனவைதான். கதையில் இன்னும் கிளம்பவில்லை. சற்குணம் கேமராவை உறைக்குள் போடுகிறாள், மாமா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசகரே, உங்களுக்கு உயரம் பயமில்லையென்றால் ஒரு உபகாரம் செய்யுங்கள். நேரே தடுப்புவரை நடந்துபோய் அவன் தோளைத் தொடுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவளுக்கு இந்த விளிம்பு பயம், நீங்கள்தான் அந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் போங்கள். நானும் அவளும் இளநீர்க் கடையருகில்தான் நிற்கிறோம்.