தலை போகக் கூடாது, கை வரணும்

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது முழங்கை உடைந்ததில், எனக்கு எலும்பு போனதைவிட மானம் போனதுதான் ஜாஸ்தி. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. சோற்றைப் பிசைவேன், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் ராமன் எனக்கு ஊட்டிவிட்டார். பாவம், ஆசையாகத்தான் ஊட்டினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்த தடவை வரும்போது கை வாய்க்கு எட்டலைன்னா இன்னொரு ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பயம். என் நாத்தனார் ராணியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து நல்லெண்ணெயோடு வந்து, "இழுத்து மடக்குனாத்தான் வழிக்கு வரும்" என்று உருவு உருவென்று உருவினாள். வீங்கியதுதான் மிச்சம்.

வேங்கிக்காலில் பிசியோதெரபி பார்க்கும் கீர்த்தனா வீக்கத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உருவவே கூடாதுங்க. முழங்கை உங்கள மாதிரி ரோஷக்காரி. வம்பா இழுத்தா இன்னும் இறுகிக்கும். நீங்களே கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும்."

"என்னைப் பத்தி உனக்கு யார் சொன்னது?" என்றேன். ராமன் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் எலும்பு பொம்மையைக் காட்டினாள். முன்கையில் இரண்டு எலும்புகள். ஒன்று மேல்கை எலும்போடு கதவுக்கீல் போல மடங்குகிறது. மற்றது சாவி போல இருந்த இடத்திலேயே திரும்புகிறது. ஒரு வாய்ச் சோற்றுக்குக் கை மடங்கவும் வேண்டும், உள்ளங்கை முகத்தைப் பார்த்துத் திரும்பவும் வேண்டும். இத்தனை காலம் இந்த ரோஷக்காரி இரண்டையும் சத்தமில்லாமல் செய்திருக்கிறாள். ஒரு நாளாவது நான் அவளை நினைத்திருப்பேனா?

வீக்கம் வடிந்தது. ஒருநாள் டீ டம்ளர் உதட்டில் பட்டது. கீர்த்தனாவிடம் பெருமையாகச் செய்து காட்டினேன்.

"கை வரலைங்க. தலைதான் போச்சு" என்றாள்.

உண்மைதான். தோளைத் தூக்கி, கழுத்தை வளைத்து, நானே டம்ளரிடம் போயிருந்தேன். அன்றிலிருந்து சுவரில் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பழகச் சொன்னாள். கோபம் வந்தது, பழகினேன்.

டாக்டரைப் பார்க்கப் போகும் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நின்றோம். அங்கேயும் இத்தனை நாள் தலையைக் கைக்குக் கொண்டுபோய்த்தான் குட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அன்று தூணில் பின்னந்தலையை ஒட்டி நின்று கையை மடக்கினேன். வாயைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. நெற்றிப்பொட்டில் குட்டு ணங்கென்று விழுந்தது. வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொன்று குட்டிக்கொண்டேன்.

"ஆபரேஷன் வேணாம்னு பிள்ளையாரே சொல்லிட்டாரு" என்றேன்.

ராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் சுண்டலை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப இனிமே நான் ஊட்ட வேணாமா?"

சுண்டலை நானே வாயில் போட்டு மென்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஊட்டுங்க" என்றேன்.