இருநூற்றுப் பன்னிரண்டு கேன்சல்

முதலாளி மகன் சம்பத் கொண்டுவந்த பில் மெஷின் காகிதச் சுருள் ஒரு மேசையில் அடங்கவில்லை. இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்தான். காலை பதினொரு மணி. ஆபீஸ் கூட்டம் வடிந்து, சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் தொடங்காத நேரம். மேசை துடைக்கிற கங்கம்மா, காபி போடுகிற பொன்னுசாமி, தோசைக்கல்லில் நிற்கிற இரண்டு பேர் என்று எல்லோரையும் முதலாளி தனக்கோடி கூப்பிட்டுச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த செல்வமேரி, தீபாவளி போனஸைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தாள். போன வருஷம் ஒரு புடவையும் நூறு ரூபாயும் கொடுத்தார்கள். இந்த வருஷம் மெஷின் வாங்கிய செலவைக் காட்டிப் புடவையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது.

சம்பத் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். சுருள் முழுக்க வட்டங்கள். அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"ஒரு மாசத்துல இருநூத்திப் பன்னெண்டு கேன்சல், மேரி. எல்லாமே ஒன்னாம் நம்பர் சாவி. உன் சாவி. ரெண்டாம் நம்பர் சாவியில எவ்ளோ தெரியுமா? ஜீரோ."

இரண்டாம் நம்பர் சாவி சிட்டிபாபுவுடையது. சாயங்காலக் கல்லா அவனுக்கு. முதலாளியின் மனைவிக்குத் தம்பி.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற இந்த டிபன் கடையில் ஆறு மாதம் முன்பு வரைக்கும் பிளாஸ்டிக் டோக்கன்தான். காபிக்குச் சிவப்பு, டிபனுக்குப் பச்சை. சம்பத் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து, தொண்ணூத்தி நாலாம் வருஷத்திலும் டோக்கனா என்று அப்பாவிடம் சண்டை போட்டு இந்த பில் மெஷினை வாங்க வைத்தான். சாவியைப் போட்டுத் திருப்பினால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். எத்தனை மணிக்கு எந்த பில் போட்டது, எது கேன்சல் ஆனது, எல்லாவற்றையும் நினைவு வைத்து மாதக் கடைசியில் கக்கிவிடும். வாங்குகிற பாலுக்கும் தூளுக்கும் விற்கிற காபி சரியாக வரவில்லை, மாதம் இரண்டாயிரம் ரூபாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று அவனுக்குச் சந்தேகம். ஒழுகல் நிஜம்தான். அதை மெஷின் காட்டிக்கொடுக்கும் என்று அவன் நம்பினான். நேற்று ராத்திரி காட்டிக்கொடுத்துவிட்டது என்றும் நம்பிவிட்டான்.

செல்வமேரிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இது தெரியாதா இவர்களுக்கு? தாம்பரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா? காலையில் வருகிறவர்கள் யாரும் காபி குடிக்க வருகிறவர்கள் இல்லை, வண்டி பிடிக்க வருகிறவர்கள். நடுவில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் காபி. பில் போட்டு வாங்கிக் கையில் வைத்திருக்கும்போதே பிளாட்பாரத்தில் பீச் வண்டி கிளம்பப் போகிறது என்று மைக்கில் சொல்லிவிடுவான். அவ்வளவுதான். பில்லைக் கல்லாமேல் வீசிவிட்டு, "மேடம், நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று ஓடுவார்கள். காசுக்குக்கூட நிற்க மாட்டார்கள். அவள் அந்த பில்லைக் கேன்சல் பண்ணி, கல்லாவிலிருந்து காசை எடுத்து ஒரு பழுப்புக் கவரில் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பாள். குடை சார் ரெண்டரை. ரெட்டைஜடைப் பொண்ணு ஆறு. தாடி, ரெண்டு காபி. மறுநாள் அவர்கள் வந்து நிற்கும்போதே காசை எடுத்து நீட்டுவாள். அந்த முகங்களில் வரும் ஆச்சரியத்துக்காகவே அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். டோக்கன் காலத்திலும் இதே வழக்கம்தான். அப்போது டோக்கன் திரும்பப் பெட்டிக்குள் விழுந்துவிடும், யாரும் எண்ணவில்லை. இப்போது மெஷின் எண்ணுகிறது.

இதையெல்லாம் அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்பத் கல்லாவை இழுத்துத் திறந்து, அடியில் இருந்த பழுப்புக் கவரை எடுத்து மேசையில் கொட்டினான். நாற்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. சீட்டுகளும் சில்லறையும் சிதறி ஓடின. ஒரு எட்டணா உருண்டு பொன்னுசாமியின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"கேன்சல் பண்ண பில்லு எங்க?" என்று சம்பத் கேட்டான். அவள் குப்பைத்தொட்டியைக் காட்டினாள். வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? டைம் பாருங்க சார், எல்லாம் வண்டி நேரத்துக்குக் கொத்துக் கொத்தா இருக்கும் என்றாள். அவன் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது எண்ணிக்கை, அது கிடைத்துவிட்டது. குடை சாரைக் கூப்பிடலாம் என்றால் குடை சார் இந்நேரம் பாரிஸ் கார்னரில் ஏதோ ஒரு ஆபீஸில் ஃபைலுக்குப் பின்னால் இருப்பார். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

தனக்கோடி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "உங்கப்பன் ஏசுபாதம் எங்க நெலத்துல ஏர் ஓட்னவன். அந்த ஒரு மொகத்துக்குத்தான் ஒன்ன கல்லாவுல ஒக்கார வெச்சேன். எங்க ஊட்ல அப்பவே சொன்னா, அவுங்கள உள்ள வுடு, கல்லாவுல வுடாதன்னு. தொள்ளாயிரம் ரூபா. நாளைக்கு ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டிட்டுப் போயிடு. இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போலாம். அது ரயில் ஸ்டேஷன் இல்ல."

தோசைக்கல்லில் நிற்பவர்களில் ஒருவன் சிரித்தான். மற்றவன் அவனை முழங்கையால் இடித்தான். கங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போகிற கீழ்க்கட்டளை பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அழுகை இல்லை. அழுகை வந்திருந்தால் தேவலை. தொள்ளாயிரம் ரூபாய் ஒன்றரை மாதச் சம்பளம், அதைக்கூட எங்காவது புரட்டிவிடலாம். அந்த லெட்டர்? திருடினேன் என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டால், தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் எந்தக் கடையில் அவளைக் கல்லாவில் உட்கார வைப்பார்கள்? கடைக்காரர்கள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி, இல்லாவிட்டால் பங்காளி. வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, பெரிய இடம், எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, காசுக்கு நான் பக்கத்து வீட்டு லாசரஸைக் கேக்கறேன் என்றார். அவள் அவரிடம் கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினாள். அவர் நம்பாமல் அப்படிச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நம்பியும் அப்படிச் சொல்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

ராத்திரி முழுக்க அந்த ஜீரோ அவள் கண்ணுக்குள் நின்றது. சாயங்காலம் மட்டும் வண்டி இல்லையா? ஆறு மணிக்கு மேல் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கிற கூட்டம் காலைக் கூட்டத்தைவிடப் பெரிசு. அவர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் ஓடுவார்கள்தானே? முப்பது நாளில் ஒருத்தன்கூடவா பில்லைத் திருப்பிக் கொடுக்கவில்லை? உள்ளதை உள்ளபடி மெஷினிடம் சொன்னவள் திருடி. அதனிடம் வாயே திறக்காதவன் யோக்கியன். படித்தவனுக்கு இது தோன்றாதா? பிளஸ் டூவோடு நின்ற தனக்குத் தோன்றுகிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிந்தும் விடியாமலும் கிளம்பிக் கடையின் பின்பக்கமாகப் போய் நின்றாள். பொன்னுசாமி பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எதிர்பார்த்தவர் மாதிரி சர்க்கரை டின்னை நகர்த்தி, பின்னாலிருந்து நான்கு கம்பிகளை எடுத்தார். காபிக்கு வருகிற பில்லை வாங்கி அவர் கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். காலைக்கு ஒரு கம்பி, சாயங்காலத்துக்கு ஒரு கம்பி. மறுநாள் விடியற்காலையில் பாய்லர் பற்றவைக்க அதுதான் காகிதம்.

"நாலு நாளா கொளுத்தல. பாலு கொறையுது கொறையுதுன்னு சின்ன மொதலாளி கத்திகினு கீறாரே, நாளைக்கு ஏந்தலைல வுழும்னு எடுத்து வெச்சேன். இது எல்லாம் சாயங்காலத்து பில்லு. பாரு."

அவள் பார்த்தாள். சில பில்களில் ஒரு ஓட்டை. சிலவற்றில் இரண்டு. ஒன்றில் மூன்று.

"பாபு அரை மணிக்கு ஒருக்கா காபி குடிக்க வருவாரு. தம்ளரை வெச்சிட்டுத் திரும்பிப் போறப்போ கை சும்மா போவாது. கம்பிலேர்ந்து ஒரு புடி உருவிகினு போய், வர்றவனுக்கு அதையே குடுப்பாரு. வண்டிக்கு ஓடறவன் திருப்பிக் குடுத்த பில்லும் அப்டித்தான். புது பில்லு அடிச்சாத்தான மெஷினுக்குத் தெரியும்? துட்டு நேரா அவரு பாக்கெட்டுக்கு."

இத்தனை நாளா ஏன் சொல்லலை, நேத்து அங்கேதானே நின்னீங்க என்று அவள் கேட்டாள். பொன்னுசாமி கரித்துண்டை உள்ளே தள்ளிக்கொண்டே, "மொதலாளிக்கு மச்சானாச்சேம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் மூணு புள்ளங்க கீது" என்றார். அவளுக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் கம்பிகளைக் கொடுத்த கை அது.

ஏழு மணிக்கு சம்பத் வந்தான். அவள் ஒரு கம்பியை அவன் முன்னால் வைத்து, அடியிலிருந்து மேலே ஒவ்வொரு பில்லிலும் அடித்திருக்கிற நேரத்தைப் படிக்கச் சொன்னாள். அலட்சியமாகத்தான் ஆரம்பித்தான். ஐந்து பத்து, ஐந்து பன்னிரண்டு, ஐந்து இருபது. அப்புறம் ஆறு நாற்பது. அதன்மேல் மறுபடி ஐந்து மணி பில், ஐந்து இருபத்தைந்து. அவன் நிறுத்தினான். திரும்ப அடியிலிருந்து படித்தான். ஆறு நாற்பதுக்குக் காபி குடித்தவனுக்குப் பின்னால் ஐந்து இருபத்தைந்து எப்படி வரும்? பில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டைகள் வழியாக ஜன்னல் தெரிந்தது. அடுத்த கம்பி, அடுத்த கம்பி என்று அவனே இழுத்துக்கொண்டான். இப்படித் திரும்ப வந்த பில் மட்டும் ஒரு சாயங்காலத்துக்கு முப்பது, முப்பத்தைந்து தேறியது. பிறகு, யாரும் சொல்லாமலே, நேற்றைய சுருளை எடுத்துக் காலைக் கேன்சல்களின் நேரத்தைப் பார்த்தான். எட்டு ஒன்று, எட்டு ஒன்று, எட்டு இரண்டு. எட்டுப் பதினாறு, எட்டுப் பதினேழு. ஸ்டேஷன் கால அட்டவணையை யாரோ பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

"கேன்சலே இல்லாத சாவியத்தான் நான் மொதல்ல பாத்திருக்கணும்" என்றான். அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை, தனக்குள் சொன்ன மாதிரியும் இல்லை. கணக்குப் புரிந்த சந்தோஷம் அவன் முகத்தில் ஒரு கணம் பளிச்சிட்டதை அவள் பார்த்தாள். அந்தப் பளிச்சை அவளால் மன்னிக்க முடியவில்லை.

தனக்கோடி ஏழே முக்காலுக்கு வந்தார். மகன் கம்பியைக் காட்டி விளக்க ஆரம்பித்ததும் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு மகனைவிட வேகமாகப் புரிந்துவிட்டது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். ஒன்றாம் நம்பர் சாவியை மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"சரி. போய் ஒக்காரு. கூட்டம் வர்ற நேரம். அந்தத் தொள்ளாயிரம் கட்ட வேணாம்."

கட்ட வேண்டாமாம். தள்ளுபடியாம். சாவியை அவள் தொடவில்லை.

"நேத்து எல்லாரையும் கூப்ட்டு நிக்க வெச்சிச் சொன்னீங்க மொதலாளி. இப்பவும் கூப்ட்டு சொல்லுங்க."

"பாபு எம்பொஞ்சாதிக்குத் தம்பிம்மா. அது எங்க வூட்டு விஷயம். நான் பாத்துக்கறேன். நாலு பேருக்கு முன்னால வெச்சி சொன்னா அவன் மானம் இன்னா ஆவறது?"

"நேத்து எனக்கும் அந்த நாலு பேருதான் இருந்தாங்க."

கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள், வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கம். அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. சம்பத் போய் உட்காரப் பார்த்தான். உட்கார்ந்தான், மெஷினைப் பார்த்தான், எழுந்துவிட்டான். "சொல்லிடுப்பா" என்றான் மெதுவாக. வரிசை ஐந்தாகி, பத்தாகி, படிக்கட்டைத் தாண்டி சைக்கிள்களுக்கு நடுவே வளைந்தது. யாரோ மேடம், பில்லு என்றார்கள். யாரோ கைக்கடிகாரத்தைக் கண்ணாடியில் தட்டினார்கள். குடை சார் மூன்றாவதாக நின்றிருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டப் போனவர், ஏதோ சரியில்லை என்று கையை மடக்கிக்கொண்டார். சமையல்கட்டில் தோசை வார்க்கிற சத்தம் நின்றிருந்தது.

தனக்கோடி எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நேராகக் கை கழுவுகிற தொட்டிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றிலையைத் துப்பினார். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். ரோட்டுக்கு அந்தப்புறம் மைக் கரகரத்து, பீச் வண்டி என்று ஆரம்பித்தது. வரிசையிலிருந்து இரண்டு பேர் உருவிக்கொண்டு ஓடினார்கள். அவர் மூன்றாம் முறையாகக் கையில் தண்ணீரைப் பிடித்தார். கொப்பளிக்கவில்லை. குவித்த கை நிறைந்து, தண்ணீர் முழங்கை வழியாக வெள்ளை வேட்டியில் வழிந்துகொண்டே இருந்தது.